ஓலை, ஓடு, கான்கிரீட்: குமரி மாவட்ட ஊர்ச் சபைகள் மறுபடி மறுபடி எழுந்த கதை

எங்கள் ஊர் ஆலயத்தின் பின்புறம், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு கருங்கல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் அதன்மேல் ஏறி நின்றுதான் குழாயைத் திறப்போம். ஒருநாள் பாட்டா பார்த்துவிட்டார். "மக்ளே, அத மிதிக்காத. அது பழைய கோயிலுக்க அடிக்கல்லாக்கும்" என்றார். குனிந்து பார்த்தால் எழுத்து இருந்தது. தண்ணீர் விழுந்து விழுந்து பாதி தேய்ந்துபோயிருந்தது. எப்போது கட்டிய கோயில் என்று கேட்டதற்குப் பாட்டா ஆண்டு சொல்லவில்லை. "நாங்க கல்லு சுமந்த கோயிலு" என்றார். அவருக்கு அதுதான் தேதி.

அந்தக் கல்லுக்குரிய ஆலயமும் எங்கள் ஊரின் முதல் ஆலயம் அல்ல. அதற்கு முன்னால் மண்சுவர் வைத்த ஒன்று இருந்தது. அதற்கும் முன்னால் பனந்தூண்களும் ஓலைக்கூரையுமாக ஒரு பந்தல். இப்போது நிற்பது கான்கிரீட் கட்டடம். அதையும் இடித்துப் பெரிதாகக் கட்டலாமா என்று சபைக் கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. குமரி மாவட்டத்தின் எந்த ஊர்ச் சபையில் விசாரித்தாலும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 18.7 லட்சம், அதில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் சாரம் கட்டிய கோபுரம் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது.

இத்தனை முறை ஏன் இடித்துக் கட்டுகிறோம்? ஜனம் பெருகியது, கையில் காசு வந்தது என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனாலும் கூரையின் பொருள் மாறிய ஒவ்வொரு தடவையும், அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்களின் நிலையும் மாறியிருக்கிறது. இந்த மாவட்டத்து எளிய மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை ஊர்ச் சபைகளின் கூரைகளை வைத்தே சொல்லலாம் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்னைப் பக்கத்து நண்பர்கள் வந்தால், "உங்களது மெதடிஸ்ட் சபையா?" என்று கேட்பதுண்டு. கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் சபை சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது அதில் மூன்று ஓடைகள் கலந்தன. ஒன்று ஆங்கிலிக்கன். இரண்டாவது, பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மிஷன் வளர்த்த சபைகள். மூன்றாவது, 1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை. குமரிச் சபைகள் வந்தது இந்த மூன்றாவது வழியில். லண்டன் மிஷனரி சங்கம் விதைத்தவை அவை. மெதடிஸ்ட்கள் முதலில் கால் வைத்தது இலங்கையில், 1814இல். அங்கிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டை, மன்னார்குடி, திருச்சி, கரூர் என்று அவர்களுடைய களம் விரிந்தது. ஒரு மிஷன் வேலை செய்யும் பகுதிக்குள் இன்னொரு மிஷன் நுழைவதில்லை என்ற ஏற்பாடு அப்போது இருந்ததால், தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷனின் பகுதியாகவே நீடித்தது. அமெரிக்க மெதடிஸ்ட்கள் 1856இல் வட இந்தியாவில் தொடங்கிய சபை தனி. அது 1947 இணைப்பில் சேரவில்லை. இன்றைக்கும் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற பெயரில் தனித்தே இயங்குகிறது.

ஆகவே எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவர்கள் மெதடிஸ்ட்கள் இல்லை. இருந்தாலும் ஒரு கோயில் கட்டுவது சபையை எப்படி உருமாற்றுகிறது என்பதற்கு மெதடிஸ்ட் வரலாற்றில்தான் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, குமரியின் கதை தொடங்கும் மயிலாடிக்கு வருகிறேன்.

ஜான் வெஸ்லி 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு மண்டபம் கட்டினார். பெயர் 'புதிய அறை'. மெதடிஸ்ட்களின் முதல் கட்டடம் அதுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும் ஏழைத் தொழிலாளிகளும்தான் கூடினார்கள். கட்டி முடித்தபோது கடன் நின்றது. 1742 பிப்ரவரியில் அதை அடைப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஃபாய் என்ற கப்பல் தலைவர். பலருக்கு அதுகூட இயலாதே என்று இன்னொருவர் சொன்னார். அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நானே போட்டுவிடுகிறேன் என்றாராம் ஃபாய். அவரைப் போலவே மற்றவர்களும் பதினொரு பதினொரு பேராகப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். பென்னி வாங்க வாராவாரம் வீட்டுப் படி ஏறியவர்கள் அந்த வீட்டின் நோய், சண்டை, குடி, வேலையில்லாத் தவிப்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். கடன் வசூலுக்காகப் பிறந்த அந்தக் குழுக்கள்தான் பின்னால் மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பான வகுப்புக் கூட்டங்களாயின. 'புதிய அறை'யையே 1748இல் விரித்துக் கட்ட வேண்டியிருந்தது.

கட்டடக் கடன் சபையைக் கூட்டிச் சேர்த்த இந்தக் கதையை முதன்முதல் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் அரிசிப் பானைதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

குமரியில் கதை மயிலாடியில் தொடங்குகிறது. இன்று சிற்பத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவரே முதல் போதகர். வெள்ளைக்காரர் எவரும் இந்த மண்ணில் சபை தொடங்குவதற்கு முன்பே ஒரு சபை இங்கே முளைத்திருந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஆலயங்களின் நினைவுக் கல்லில் மிஷனரியின் பெயரே முதலில் வரும். முதல் விளக்கை ஏற்றியவர் வேதமாணிக்கம். அவர் அழைத்ததன் பேரில்தான் பிரஷ்ய நாட்டவரான லண்டன் மிஷன் ஊழியர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார்.

வந்தவருக்கு உடனே கோயில் கட்ட முடியவில்லை. சமஸ்தானத்தின் அனுமதி வேண்டும். சமஸ்தானத்தில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் கர்னல் மெக்காலே பரிந்து பேசினார். அதற்குள் தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாயின் கலகம் மூண்டது. 1809 தொடக்கத்தில் நாடே குழம்பிக் கிடந்தது. அது அடங்கிய பிறகு அதே ஆண்டில் மயிலாடி ஆலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை (புராட்டஸ்டண்ட்) ஆலயம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் தாமரைக்குளம், ஈத்தாமொழி போன்ற ஊர்களிலும் சபைகள் கூடின. 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் சபை கலையாமல் காத்தவர் வேதமாணிக்கம்தான்.

இங்கே ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஊர்ச் சபைகளில் பெரும்பாலானவை ஓலைக் கொட்டகைகள். வார நாட்களில் அங்கேயே பள்ளிக்கூடம் நடக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஓலை வேய்ந்ததற்குக் காரணம் ஏழ்மை மட்டும் அல்ல. தாழ்த்தப்பட்டவர்களாக வைக்கப்பட்டிருந்த சாதியினர் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன்நகை அணியக்கூடாது என்று திருவிதாங்கூரில் தடைகள் இருந்தன. கூலியில்லாமல் செய்ய வேண்டிய ஊழியம் வேறு. எந்த நாளில் ஆள் வந்து கூப்பிட்டாலும் போயாக வேண்டும். ரெசிடென்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் தனக்கென்று கிடைத்த மனிதன் அந்த நாளை எங்கே செலவிடுவான்? அந்த நாளைக் கொடுத்த கூரைக்குக் கீழேதான். ஓலைப் பந்தலில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்கு அதுதான் தலைநிமிர்ந்து உட்கார முடிந்த முதல் இடம்.

ஓலைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு தீக்குச்சி போதும். தோள்சீலைப் போராட்டக் காலத்தில், 1820களின் இறுதியிலும் மறுபடியும் 1858-59இலும், நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் தாக்கப்பட்டார்கள். கூடவே சபைக் கொட்டகைகளும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாளின் அரசாணை வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற அரைகுறை உரிமையை அது தந்தது. ஓலைக்கு ஒரு பலமும் உண்டு. எரித்தால் ஒரு வாரத்தில் திரும்ப வேய்ந்துவிடலாம். பனை ஊரிலேயே நிற்கிறது, ஏறத் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். 'மறுபடி கட்டுதல்' என்ற பழக்கம் எங்கள் சபைகளுக்கு வந்தது இந்தச் சாம்பலிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் போனால் சபை போய்விடும் என்று எரித்தவர்கள் எண்ணினார்கள். அவர்கள் எண்ணியபடி நடக்கவில்லை.

இதற்கு நடுவில் நாகர்கோவிலில் ஒரு கல் கோயில் எழுந்துகொண்டிருந்தது. 1819 ஜனவரி 1 அன்று ரிச்சர்ட் நில் அடிக்கல் நாட்ட, சார்லஸ் மீட் முன்னின்று கட்டிய கஸ்பா சபை ஆலயம். அரசி கௌரி பார்வதி பாயியின் உதவியும் மன்றோவின் ஆதரவும் இருந்தன. யானைகள் கல் இழுத்த கதையை நாகர்கோவிலில் இன்றும் சொல்வார்கள். ஊரில் ஓலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் பண்டிகை நாட்களில் நடந்து வந்து இந்தப் பெரிய கற்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நம் ஊரிலும் ஒருநாள் இப்படி ஒன்று என்ற ஆசை அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும்.

அந்த ஆசை ஊருக்கு ஊர் நிறைவேறியது அடுத்த நூறு ஆண்டுகளில். கல், சுண்ணாம்பு, ஓடு. காசு பல வழிகளில் வந்தது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள் அனுப்பினார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல், வீட்டிலிருந்தபடியே பெண்கள் சம்பாதிக்க ஒரு வழி திறந்தது. பள்ளிக்கூடம் படித்தவர்கள் வாத்தியார்களாகவும் நெய்யூர் மருத்துவமனையில் வேலைக்காரர்களாகவும் ஆனார்கள். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து மேற்குக் கரை முழுவதும் தட்டையான செந்நிற ஓடு பரவியது. வருஷா வருஷம் ஓலை மாற்றும் தொல்லை ஒழிந்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஜெபம் பண்ணியவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கட்டடங்களில் பனை எங்கெல்லாம் ஒளிந்திருந்தது என்று பாருங்கள். உத்தரத்துக்கும் கூரையின் கைமரத்துக்கும் முற்றிய பனை. சுவருக்கு, சிப்பி சுட்டு எடுத்த சுண்ணாம்பு; அதைக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு நாள்கணக்கில் அரைத்துப் புளிக்க வைப்பார்கள். பனையேறி அக்கானி (பதநீர்) இறக்கி, அவன் மனைவி காய்ச்சி எடுத்த கருப்பட்டி கோயில் சுவருக்குள் போனது. விற்ற கருப்பட்டியின் காசு ஓட்டுக்குப் போனது. ஓர் ஊரே தன் உழைப்பைப் பிசைந்து சுவராக எழுப்பிய காலம் அது. இடிக்கும்போது கடப்பாரை துள்ளித் துள்ளி வந்தது என்று பழைய கோயிலைப் பற்றி எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தச் சுண்ணாம்பு அவ்வளவு இறுகியிருந்தது.

இப்போது பாட்டியின் பானை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த ஒரு சிறிய பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தக் கை நீளாமல் இருந்ததில்லை. பிடி அரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அரிசியும் கோயிலில் ஒன்றாகக் கொட்டப்பட்டு விலைக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை: ஏத்தன் குலை, காச்சில், சேனை, மரச்சீனி, தேங்காய், கருப்பட்டி, கோழி. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே தேங்காயை இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போவார்கள். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். சிரிப்பும் கூச்சலுமாக நடக்கும் இந்தக் கூத்தில்தான் பல ஊர்களில் கோயிலுக்கு ஓடு ஏறியது. பிரிஸ்டலின் வாரம் ஒரு பென்னியும் எங்கள் ஊர்ப் பிடி அரிசியும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவை. இரண்டும் செய்த வேலை ஒன்றேதான். பெரிய பணக்காரர் ஒருவர் கட்டிக் கொடுத்திருந்தால் கோயில் மட்டும் கிடைத்திருக்கும். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒரு பிடி வந்ததால் ஊர் ஒன்றானது.

ஊர்ச் சபையே கட்டி, ஊர்ச் சபையே கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்துக்கு லண்டன் மிஷனின் காங்கிரிகேஷனல் மரபும் ஒரு காரணம். அந்த மரபில் உள்ளூர்ச் சபையின் முடிவுக்கு மதிப்பு அதிகம். இன்றும் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரம், பேராயரின் கீழ் வரும் திருமண்டலம் என்று மேலே அமைப்புகள் இருந்தாலும், கட்டடக் கமிட்டி கூடும் இரவில் ஊர்தான் பேசும். சில நேரம் விடிய விடியப் பேசும்.

ஒரு கசப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. முதல் சபை சாம்பவர் ஒருவரின் வீட்டில் தொடங்கியது. பின்னால் பெருந்தொகையாக வந்தவர்கள் நாடார்கள். ஒரே திருச்சபைக்குள் சாதிவாரியாகச் சபைகள் பிரிந்து நிற்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தெருவின் ஆலயத்துக்குக் கோபுரம் உயரும்போது, சற்றுத் தள்ளி இன்னொரு தெருவின் ஆலயம் ஓட்டுக்கூரையோடு காத்துக் கிடக்கும். கூரையை வைத்து வரலாறு சொல்லலாம் என்றேனே, அந்த வரலாற்றில் இதுவும் உண்டு.

நாடு விடுதலை அடைந்த பிறகு கூரைக்கு உள்ளேயும் மாற்றம் வந்தது. லண்டன் மிஷன் காலத்து ஆலயங்களில் கண் போய் நிற்கும் இடம் பிரசங்க பீடம். ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்) ஏறி நின்று வசனம் சொல்வதுதான் ஆராதனையின் உச்சம். 1947க்குப் பிறகு கட்டியவற்றில் நடுவில் திருவிருந்து மேசையும் சிலுவையும் வந்தன. பிரசங்க பீடம் ஓரத்துக்கு நகர்ந்தது. இது ஆங்கிலிக்கன் மரபின் கை. மெதடிஸ்ட்களின் கை எங்கே என்று கேட்டால், புத்தாண்டு ஆராதனையைச் சொல்வேன். வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையைத் தென்னிந்தியத் திருச்சபை தன் வழிபாட்டு நூலில் ஏற்றுக்கொண்டது. 'இனி நான் என்னுடையவன் அல்ல' என்ற பொருளில் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தை, அது பிரிஸ்டல்காரர்களின் வழி வந்தது என்று அறியாமலே நம் ஊர்களில் சொல்லிவருகிறோம். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதையொட்டி 1959இல் கன்னியாகுமரித் திருமண்டலமும் தனியாகப் பிரிந்தது. அதுவரை திருவனந்தபுரத்தைப் பார்த்திருந்த சபைகள் நாகர்கோவிலைப் பார்க்கத் தொடங்கின.

கான்கிரீட் வந்தது எழுபதுகளுக்குப் பிறகு, வளைகுடாப் பணத்தோடு. வாத்தியார், நர்ஸ், கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்று வெளியே போனவர்கள் முதலில் வீட்டுக்கு மாடி போட்டார்கள், பிறகு கோயிலுக்கு. மாடி வைக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கோபுரத்தின் உயரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்குச் சில கோபுரங்கள் பிடிக்காது. ஆனால் ஏன் அவ்வளவு உயரம் என்று எனக்குப் புரிகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கற்சுவர் நூறாண்டு நின்ற இடத்தில் கான்கிரீட் நாற்பதாண்டில் வெடிக்கிறது. கடலுக்கு அருகான ஊர்களில் உப்புக் காற்று சிமெண்டுக்குள் நுழைந்து கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் சிமெண்டைத் தள்ளும். கூரையிலிருந்து பத்தைப் பத்தையாக விழும். கம்பிக்கு மேல் போதிய கனத்தில் சிமெண்ட் பூசாதது, உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டது, வெயிலில் தண்ணீர் ஊற்றி ஆற்றாதது எல்லாம் சேர்ந்து ஆயுளைக் குறைக்கின்றன. இன்னொரு தவறு பழைய கட்டடங்களில் நடக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் 'உறுதிக்காக' சிமெண்ட் பூசிவிடுவார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்க, சில ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பெயர்கிறது. "சுவரு பலமில்ல, இடிச்சிர வேண்டியதுதான்" என்று தீர்மானம் போடுவார்கள். சுவருக்கு ஒன்றுமில்லை. மேலே பூசியதுதான் நோய்.

எங்கள் பழைய கோயிலுக்கும் இதுவே நடந்தது. பார்க்க வந்த பொறியாளர் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. சுவரைக் கையால் தட்டினார், இடிக்கலாம் என்றார். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் கனக்கிறது.

இடித்த அதே இடத்திலேயே மறுபடி கட்டுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த கலவரம் இந்த மாவட்டத்தின் ஆறாத காயம். அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் வழிபாட்டுத் தலங்கள் கட்டுவதை ஒழுங்குபடுத்தவும் பரிந்துரைத்தது. 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் வழிபாட்டுத் தலத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கின. எந்த மதத்தவர் புதிய இடத்தில் தொடங்கினாலும் ஊரில் கேள்வி எழும். தலைமுறை தலைமுறையாகக் கோயில் நின்ற மண்ணில் அந்தக் கேள்வி குறைவு. எனவே பழையது போனால்தான் புதியதற்கு இடம் என்ற நிலை. பக்கத்தில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பள்ளியாகவோ நூலகமாகவோ வைத்துக்கொள்ள நிலம் இருக்கும் சபைகள் கொடுத்துவைத்தவை.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது மாவட்டம் முழுவதும் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன; ஓட்டுக்கூரைகள் பறந்தன. அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஓட்டுக் கோயில்களையும் கான்கிரீட்டாக்கும் வேகம் கூடியது. பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டைக் கம்பியால் பிணைத்து, கைமரங்களைச் சுவரோடு இறுக்கினாலே பெருமளவு தாங்கும் என்று சொல்ல அருகில் ஒரு தச்சன் இல்லாமல் போனதுதான் குறை. தச்சன் மகன் வளைகுடாவில் இருக்கிறான்.

புதிய பேச்சு தொடங்கியதும் நான் சபைச் செயலாளரிடம் இரண்டே காரியம் கேட்டேன். இடிப்பதற்கு முன் கட்டடத்தை உள்ளும் புறமும் படம் எடுத்து அளந்து வரைந்துகொள்வோம். பெட்டியில் இருக்கும் பழைய கணக்கு நோட்டுகளைப் படி எடுத்துவிடுவோம். இரண்டுக்கும் சம்மதித்தார். அவரே குழாயடிக் கல்லையும் வாலிபர்கள் ஐந்து பேரை வைத்துப் பெயர்த்து, முன்வாசல் படிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

நோட்டுகளில் ஒன்று செல்லரித்துப்போயிருந்தது. மற்றொன்றில் பக்கம் பக்கமாக வரவு. ஒரு குலை, இரண்டு கோழி, அரைச் சிப்பம் கருப்பட்டி, பேர் எழுத வேண்டாம் என்று சொன்ன ஒருவர் கொடுத்த கம்மல். அந்த நோட்டின் கடைசியில் பணமே இல்லாத ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு 'கல் சுமப்பு'. பணம் கொடுக்க வழியில்லாதவர்கள் சனிக்கிழமைகளில் வந்து கல் சுமந்த கணக்கு. பேருக்கு நேராக வந்த நாளுக்கு ஒரு கோடு. மேலிருந்து ஒன்பதாவது பேர் பாட்டாவுடையது. பதினான்கு கோடுகள்.